தங்கப்பழத்துக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கு

கோர்ட் அமீனா சைக்கிளை மில் வாசலில் சாத்திவிட்டு உள்ளே போய், தங்கப்பழம் என்கிற தொழிலாளியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மாதாமாதம் பிடித்துக் கோர்ட்டில் கட்ட வேண்டியது என்ற ஜப்தி உத்தரவை ஆபீஸில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பின அதே மத்தியானம், என் புருஷன் எதிர்த்த டீக்கடையில் ஒரு டீ சொல்ல, விளிம்பு வரைக்கும் நுரை தளும்ப வந்த கிளாஸ் அவர் கைக்குப் போனதும் மூன்றில் ஒரு பங்கு இறங்கிப் போய்விட்டது. சிந்தவில்லை, யாரும் வாய் வைக்கவில்லை. கடைக்கார எட்வின் எட்டிப் பார்த்துவிட்டு, "உத்தரவு வந்துட்டு போலுக்கே" என்றார். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர், "கேசு நடத்தத்தான் வருசக்கணக்கு ஆகும், பிடுங்குததுக்கு ஒரு மணி நேரம் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வடையை எடுத்தார்.

எட்வின் அந்த டீக்கு முழுக் காசும் வாங்கிக்கொண்டார். வீட்டில் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

"கொறஞ்ச டீக்கு முழுக் காசு ஏன் குடுத்திய?"

"அவரு முழுசாத்தானட்டி ஊத்துனாரு" என்றார்.

அதுதான் என் புருஷன். பஞ்சு மூட்டை சுமந்து சுமந்து பழகின ஆள், யார் எதை ஏற்றினாலும் தோளைச் சாய்த்துக் கொடுத்துவிடுவார். நான் அப்படியில்லை. நான் பாத்திரக்காரி. எவர்சில்வர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கிற சண்முகக்கனி என்றால் டவுனில் பாதிப் பொம்பளைகள் கதவைத் திறப்பார்கள், மீதிப் பாதி என் வாய்க்குப் பயந்து சாத்திக்கொள்வார்கள். பாவாடை கட்டின வயசிலிருந்து பேரம் பேசித்தான் சாப்பிடுகிறேன். ஜரிகை போன பட்டுச்சேலையைக் காட்டி அண்டா கேட்கிறவளுக்கு ஒரு தூக்குவாளியைக் கொடுத்து, அவளே எனக்கு மோரும் கொடுத்து அனுப்புகிற மாதிரி பேச எனக்குத் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் அந்தக் கையெழுத்து விழுந்திருக்காது.

அந்தக் கையெழுத்துக்கு எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டுக் கம்பெனியில் சீட்டை எடுக்கிறவனுக்கு, சம்பளம் வாங்குகிற இன்னொருத்தன் ஜாமீன் நிற்க வேண்டும். சம்பளத்தன்று மில் வாசலில் கம்பெனி ஏஜெண்டு பத்திரத்தோடு நிற்பான், மேஜை கிடையாது, சீட்டை எடுக்கிறவன் குனிவான், அவன் முதுகில் பத்திரத்தை விரித்து ஜாமீன்காரன் கையெழுத்துப் போடுவான். இன்றைக்கு நீ குனி, நாளைக்கு நான் குனிகிறேன் என்று அது தலைமுறையாக ஓடுகிறது. குனிந்த முதுகைப் பார்த்து முடியாது என்று சொன்னவனோடு அதற்குப் பிறகு ஷிப்டில் ஒருத்தனும் பேச மாட்டான். அப்படித்தான் கூட வேலை பார்த்த ஐகோர்ட்துரை குனிந்தான், என் புருஷன் அவன் முதுகில் பேரை எழுதினார், பணத்தை எண்ணி வாங்கினதும் நிமிர்ந்தவன் நிமிர்ந்த மேனிக்கே நடந்து போய் ரயிலேறிவிட்டான். சூரத் என்கிறார்கள், புனே என்கிறார்கள். பேரில் ஐகோர்ட்டை வைத்திருந்தவன் ஓடிவிட்டான். பேரில் பழத்தை வைத்திருந்த மனுஷன் கோர்ட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சம்பளத்தில் பிடித்ததைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அதற்குச் சட்டம் இருக்கிறது. நான் சொல்லுவது சோற்றைப் பற்றி. அன்று ராத்திரி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். தட்டில் போட்ட சோற்றில் ஒரு ஓரம், நூல் கட்டி அறுத்த மாதிரிக் குழம்போடு சேர்ந்து காணாமல் போனது. இன்னொரு கரண்டி போட்டேன், அந்தக் கரண்டியிலும் மூன்றில் ஒரு பங்கு போனது. ஆத்திரத்தில் சட்டியைக் கவிழ்த்தேன், சட்டியிலும் போனது. மறுநாள் அவர் குளித்தபோது முதுகில் ஒரு பக்கம் நனையவே இல்லை, சோப்பு அப்படியே காய்ந்து வெள்ளையாக நின்றது. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட் ஒரு மூலை இல்லாமல் கைக்கு வந்தது, ஏறின செக்கிங் ஆள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜப்தி ஆளா? சொல்லுததுக்கு என்னவே" என்று போய்விட்டார்.

ஊரில் எவனும் இது எப்படி என்று கேட்கவில்லை, எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவன் தூரத்திலிருந்தே "அது தங்கப்பழத்து இலை, ஒன்றரை போடு" என்று சத்தம் கொடுத்தான். கம்பவுண்டர் ஊசியில் மருந்தைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு வந்தார். யூனியன் செயலாளர் சவரிமுத்து, டீயும் சோறும் சம்பளத்தில் சேராது என்று ஒரு மனு எழுதினார், அந்த மனுவை என் புருஷனிடம் படிக்கக் கொடுத்ததும் கடைசிப் பாராவும் கையெழுத்தும் மறைந்துவிட்டன, அதோடு அவருடைய போராட்டம் முடிந்தது. மேஸ்திரி மட்டும் நல்ல கணக்காளி. தங்கப்பழத்தின் தலையில் ஏற்றுகிற மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு கனம் குறைகிறது என்று கண்டுபிடித்த அன்றே, "உனக்கு லேசாத்தானவே இருக்கு" என்று ஒன்றரை மூட்டை ஏற்ற ஆரம்பித்தான். எங்கள் மில் லைன் வீடுகளில் ஒரு துஷ்டிச் செய்தி வந்தால், யார் செத்தாலும், முதலில் அவரிடம் வந்து சொன்னார்கள், அவருக்குத்தான் துக்கம் குறைச்சலாக உறைக்குமாம். இவர் மெதுவாக எழுந்து போய் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும். அதற்கும் தோளைச் சாய்த்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு நேரத்தில்தான் அவர் முகத்தில் வெளிச்சம் வரும். சாயங்காலம் மில் சங்கு ஊதி, வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும் எங்கள் மகள் பொன்செல்வி ஓடி வந்து மடியில் விழுவாள். இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, பல் விழவில்லை. அவள் விழுந்ததும் அவர் ஒரு நொடி கண்ணை மூடி, எடை போடுகிறவர் மாதிரி இருப்பார். ஒரு நாள் அவள், "அப்பா, ஆட்டாதீங்க, தலை சுத்துது" என்றாள். அவர் ஆட்டவில்லை. கட்டிலும் ஆடவில்லை. சின்னப் பிள்ளை ஏதோ சொல்கிறது என்று நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

போனதெல்லாம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது தேரடித் தெருவில். சீட்டுக் கம்பெனி முதலாளி பரமார்த்தலிங்கம் வீடு அங்கேதான். அந்தப் படியை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன், ஆனால் அவர் மனைவி மங்கையர்க்கரசி ஆச்சி வாசலில் நின்று ஒரு பட்டுச்சேலையைக் காட்டினாள், பட்டுச்சேலைக்கு முன்னால் வைராக்கியம் என்ன செய்யும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, சேலையை விரிக்காமலே, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள்.

"ஏளா, வெளிய சொல்லிராத. மத்தியானம் மில் சங்கு ஊதுதுல்லா, அப்போ எங்க வீட்டு இலையில கருவாடு விழுது."

அவர்கள் சுத்த சைவம். வெங்காயத்தைக்கூட வெள்ளிக்கிழமை தொட மாட்டார்கள்.

"எப்பிடி ஆச்சி விழுது?"

"அதுபாட்டுக்கு விழுது. சோறோட, குழம்போட. மொதல்ல அவுக இலையை மூடிட்டு எந்திரிச்சாக. பெறவு அந்த ஓரத்தை மட்டும் ஒதுக்குனாக."

"இப்போ?"

ஆச்சி தெருவைப் பார்த்தாள். "இப்போ ஒதுக்குததில்லை."

மெதுவாகக் கேட்டேன்: "உப்பெல்லாம் சரியா இருக்குதாமா?"

"கொஞ்சம் தூக்கலுன்னாக."

என் புருஷன் வாயிலிருந்து பிடுங்கின சோறு, என் கையால் வைத்த குழம்பு, அதற்கு உப்புக் குறை சொல்கிறான். அந்தப் பட்டுச்சேலைக்கு அன்று அவளுக்குக் கிடைத்தது ஒரு ரசக் கரண்டி.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். தங்கப்பழத்துக்கு வருவதில் ஒரு பங்கு அவனுக்குப் போகும் என்றால், தங்கப்பழத்துக்கு என்ன வர வேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. மறுநாள் குழம்புக்குப் பதில் வேப்பெண்ணெய். அதற்கடுத்த நாள் விளக்கெண்ணெய், ஒரு முழு உழக்கு. என் புருஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார், தேரடித் தெருவில் பரமார்த்தலிங்கம் அன்று கம்பெனியைத் திறக்கவில்லை என்று எட்வின் கடையில் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு அடுத்த யோசனை வந்தது. சோறு வருகிறது போல வசவும் வருமே.

உத்தரவு வந்த நாளிலிருந்து நான் அவரைத் திட்டுகிற திட்டு முழுசாக அவரை எட்டவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. பாதி வாக்கியத்திலேயே அவர் முகம் ஆறிப்போகும். மிச்சம் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டதால், லைனில் பத்து வீட்டுக்குச் சொன்னேன். அந்தக் கம்பெனியில் பணத்தைப் போட்டு வாயில் மண் விழுந்தவர்கள் எங்கள் டவுனில் கொஞ்ச நஞ்சமில்லை. காலையில் ஷிப்டுக்கு முன்னால் என் புருஷனை வாசலில் ஒரு தகர டிரம்மைக் கவிழ்த்து உட்கார வைத்தேன். ஜனம் வரிசையில் நின்றது. ஒவ்வொருத்தரும் வந்து முதலில், "அண்ணாச்சி, மனசுல வச்சிக்கிடாதிய" என்று கும்பிட்டுவிட்டு, பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கட்டையில போறவனே, என் தாலிச் சங்கிலியை வித்த காசுலா அது, உன் கையில புழு வைக்காதா, நீ படுத்த பாயோட எந்திரிக்காமப் போக மாட்டியா" என்று ஆரம்பித்து, தன் மகள் கல்யாணம் நின்றதையும் மகன் படிப்பு நின்றதையும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் எறிந்து முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்போ வரட்டா அண்ணாச்சி, மைனியைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று போனார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், இருந்தாலும் கேட்டதாகச் சொன்னார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மினி பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். கடலை வறுக்கிறவன் வண்டியைக் கொண்டுவந்து லைன் முனையில் போட்டான். தேரடித் தெருவிலிருந்து வந்த சேதியெல்லாம் எனக்குப் பாயசமாக இருந்தது: பரமார்த்தலிங்கம் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிகிறார், பஞ்சை மீறிக் கேட்கிறது, வாடிக்கைக்காரர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே யாரோ அடிக்க வந்த மாதிரி தலையைக் குனிகிறார், ஆச்சி கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

என் புருஷன் டிரம்மில் உட்கார்ந்தே இருந்தார். ஒரு நாள் எழுந்து நிற்கும்போது முதுகு நிமிரவில்லை. சீட்டு எடுக்கிறவன் மாதிரிக் குனிந்தே மில்லுக்குப் போனார். சாயங்காலம் வந்து சொன்னார்:

"ஏட்டி, ஒரு பங்குதான அங்க போவுது."

"ஆமா, போகட்டும், நாசமாப் போகட்டும்."

"ரெண்டு பங்கு எனக்கில்லா வருது."

ஒன்று கொடுக்க இரண்டை இழக்கிற பேரத்தை என் கூடையைத் தொட்ட எந்தக் கேடுகெட்டவளும் பேசினதில்லை.

"அதுவும் போக" என்றார், "இன்னைக்கு வந்தான் பாரு, ரெண்டாம் ஷிப்டு காந்தி, அவன் எந்தக் காலத்துலயும் சீட்டே போட்டதில்லை. அவன் என்னைத்தான் திட்டுனான்."

மறுநாள் டிரம்மை நிமிர்த்தித் தண்ணீர் பிடித்துவைத்தேன். வந்த மினி பஸ்ஸைத் திருப்பி அனுப்பினேன், கடலைக்காரனோடு தனியாக ஒரு சண்டை நடந்தது. சாயங்காலம் கூடையில்லாமல், வெறுங்கையோடு தேரடித் தெருவுக்குப் போனேன். அடி வாங்கின ஆள், இறங்கி வருவான், உத்தரவை வாபஸ் வாங்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

பரமார்த்தலிங்கம் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். நாலு மாசக் காய்ச்சல்காரன் மாதிரி வற்றியிருந்தார், காதில் பஞ்சு, வாயில் விளக்கெண்ணெய் வாடை. ஆனால் அப்போதுதான் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தேய்த்த வேட்டி கட்டியிருந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. உள்ளறையில் ஆச்சி தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"சண்முகக்கனியா? கொஞ்சம் இரு. நேரமாச்சு" என்றார்.

"என்ன நேரம் மொதலாளி? நான் நியாயம் பேச வந்திருக்கேன்."

"இரும்மா."

தூரத்தில் எங்கள் மில் சங்கு ஊதிற்று. வழி நடந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக் கட்டிலில் உட்காருகிற நேரம் கழிந்தது. அவருடைய மடியில், தேய்த்த வேட்டியின் நடுவில், யாரோ தொப்பென்று விழுந்த மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. அவர் இரண்டு கையையும் அந்தப் பள்ளத்தைச் சுற்றி, தொடாமல், வளைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு கால் விரலால் தரையை உந்தி ஊஞ்சலை மெதுவாக ஆட்டினார்.

கயிற்றுக் கட்டிலில் என் மகள் தலை சுற்றுகிறது என்று சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்களுக்குப் பிள்ளை இல்லைன்னு உனக்குத் தெரியும்" என்றார் அவர், பள்ளத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "காலையில வசவு வருது, கேட்டுக்கிடுதேன். மத்தியானம் நீ ஊத்துத எண்ணெய் வருது, முழுங்கிக்கிடுதேன். சாயங்காலம் இது வருதுல்லா."

"அது என் புள்ளை."

"மூணுல ஒரு பங்குதான்" என்றார். "ஒரு பூனைக்குட்டி கனம் இருக்கும். நேத்து ஒரு பாட்டுப் பாடிச்சு, ரெண்டு வரி எனக்கு வந்துச்சு." பிறகு நேராக வியாபாரத்துக்கு வந்தார். "கோர்ட்டு மூலமா மாசாமாசம் எனக்கு வர்ற பணத்தை உன் கையில திருப்பித் தந்திருதேன். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். உத்தரவு மட்டும் இருக்கட்டும்."

பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்து, "மேற்கொண்டு என்ன தருவிய?" என்று கேட்டுவிட்டது.

ஒரு தொகை சொன்னார். நான் கூட்டிக் கேட்டேன். சரி என்றார். மில்லுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டடி மனை என்றேன். சரி என்றார். பாத்திரக்கடை வைக்க முன்பணம் என்றேன், அதற்கும் சரி என்றார், அதுவும் நான் வாயை மூடுவதற்கு முன்னால். பேரமே பேசாமல் ஒத்துக்கொள்கிறவள் சேலை மடிப்புக்குள் எதையோ ஒளித்து எடுத்துப் போகிறாள் என்பது என் தொழிலில் முதல் பாடம். நான் விலை ஏற்றிக்கொண்டே இருந்தேன், அவர் விலையையே பார்க்கவில்லை. வேட்டிப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்தேன்.

"ஏம்மா, ஒரே ஒரு காரியம். கருவாட்டுல உப்பைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ."

வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், "நாளையிலிருந்து பிள்ளையை மடியில வைக்கக் கூடாது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்தவர் கட்டில் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் எடை கொறையுதேன்னு பாத்தேன். பிள்ளைக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு நெனைச்சேன்."

"சொல்லித் தொலைக்கதுக்கு என்ன?"

"சொன்னா, சரியாச் சாப்பிடலைன்னு நீ அவளை வையுவ." பிறகு, "ஏட்டி, அந்த ரெண்டு பங்குதானட்டி எனக்கு இருக்கு" என்றார்.

"இருக்கட்டும். கடைக்காரன் சரக்கைத் தார மாட்டேன்னு கதவைச் சாத்துனாத்தான் வாங்குதவன் இறங்கி வருவான்."

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதினதும் பொன்செல்வியை வாசலில் பிடித்து நிறுத்திவிட்டு, அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். தேரடித் தெருவில் குளித்து, விபூதி பூசி, தேய்த்த வேட்டியோடு கையை வளைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு போகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பங்குக் கல்லையும் என் புருஷன் சுமந்தார். தோளைச் சாய்த்துக் கொடுக்கிற மனுஷன் இந்த ஒரு சுமைக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொன்செல்வி என் கையைக் கடித்தாள். "அப்பா மடியில கல்லு எதுக்கு, அதை எறக்கு" என்று அழுதாள். லைனில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு தலை நின்றது. "என்ன பொம்பளைவே இவ" என்று காந்தி என் காது கேட்கச் சொன்னான். நான் இறக்கவில்லை. அடுத்த நாளும் கல்தான், அதற்கடுத்த நாளும் கல்தான். பிள்ளை அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள், பிறகு என்னிடமும் நிறுத்தினாள். வீட்டில் கல் உட்கார்ந்து எழுந்திருக்கிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பரமார்த்தலிங்கம் நடந்தே வந்தார். கார் வைத்திருக்கிற மனுஷன் வெறுங்காலோடு எங்கள் லைனுக்குள் நுழைந்தபோது, இத்தனை காலம் அவரை வாசலில் நின்று கிழித்த ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. கட்டிலில் குழவியோடு உட்கார்ந்திருந்த என் புருஷன் பழக்கத்தில் எழப் பார்த்தார், கல் விடவில்லை. இரண்டு ஆம்பளைகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வேட்டியிலும் ஒரே இடத்தில் அம்மிப் பொடி அப்பியிருந்தது.

பொன்செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அந்தத் தெருவுக்குப் போனதில்லை, அவரைக் கண்ணால் கண்டதில்லை.

"ஊஞ்சல் தாத்தா, ஏன் நடந்து வந்திய?" என்று கேட்டாள்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பிள்ளையைத் தோளைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"கல்லை எடுத்துரு" என்றார் என்னைப் பார்த்து. "மனு போட்டிருதேன். பாக்கி இல்லைன்னு எழுதிக் குடுத்திருதேன்."

"ஐகோர்ட்துரை தரவேண்டிய பணம்?"

"அவன்கிட்டப் பார்த்துக்கிடுதேன்."

"இதுவரைக்கும் பிடிச்சது?"

"திருப்பித் தாரேன்."

"குழம்பு?"

மூடின கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

கோர்ட் தன் அவசரத்தில் நடந்தது. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் அமீனா சைக்கிளை மறுபடி மில் வாசலில் சாத்தி, உத்தரவு ரத்து என்ற தாளைக் கொடுத்துவிட்டு, எட்வின் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். என் புருஷன் அடுத்து வாங்கின டீ விளிம்பில் நுரையோடு அப்படியே நின்றது. பழக்கமில்லாமல் கிளாஸைச் சாய்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். மேஸ்திரி ஏற்றின ஒன்றரை மூட்டை ஒன்றரையாகவே இறங்கியதில் அவர் உட்கார்ந்துவிட, மேஸ்திரி கோர்ட்டைத் திட்டினான்.

அன்று நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே தேரடித் தெரு வழியாகப் போனேன். "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று அந்த வீட்டு முன்னால் குரலை ஒரு பிடி ஏற்றினேன். ஆச்சி கதவைத் திறந்து, ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தாள். உள்ளே எல்லாம் சின்னச் சின்ன கவுன். பூப்போட்டது, கொசுவம் வைத்தது, கழுத்தில் பட்டு நூல் வேலை செய்தது. பிறந்த பிள்ளைக்குப் பெரிசு, நடக்கிற பிள்ளைக்குச் சிறிசு.

"அவுக வேட்டியில விழுத பள்ளத்தை அளந்து தச்சேன்" என்றாள். "வீட்டுல வச்சிருக்க முடியலை. எதுனாலும் குடு. ஒரு டம்ளர் குடு."

ஒரு கவுனை எடுத்து விரித்து, தையலைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல கை. பிறகு மடித்து மூட்டையின் மேலேயே வைத்தேன்.

"ஆச்சி, நான் பழைய துணிக்குத்தான் பாத்திரம் குடுப்பேன். இது ஒருத்தரும் போடாத துணி."

"எடுத்துட்டாவது போயேன். காசு வேண்டாம்."

"சும்மா வாங்குததில்லை" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். தெரு முனை வரைக்கும் எனக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் சங்கு ஊதி அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். பொன்செல்வியை நான் பிடிக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்து நின்றாள், மடியில் கல் இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள், பிறகு ஓடி வந்து விழுந்தாள். குறைந்து போன கனத்துக்குப் பழகியிருந்த மனுஷன், இடையில் பிள்ளை வேறு வளர்ந்திருந்தாள், முழுக் கனமும் தொடையில் இறங்கினதும் "அம்மா" என்று முனகி, "ஏட்டி, இறங்குட்டி, கனக்கு" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளை முகம் விழுந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கரண்டியோடு வாசலுக்கு வந்து, கனக்கா, கண்ட கழிசடையும் குனிஞ்சா முதுகுல கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மனுசனுக்கு, மேஸ்திரி ஏத்துன ஒன்றரை மூட்டைக்கும் ஊரான் ஏத்துன வசவுக்கும் நான் ஏத்துன கல்லுக்கும் தோளைச் சாய்ச்சுக் குடுத்த மனுசனுக்கு, பெத்த பிள்ளை மட்டும் கனக்காக்கும், வெக்கங்கெட்ட சவமே, இந்தக் கனத்துக்காகத்தான ஒருத்தன் விளக்கெண்ணெயைக் குடிச்சிட்டு ஊஞ்சல்ல காத்துக் கிடந்தான், வீட்டடி மனை தாரேன்னான், கடை வச்சுத் தாரேன்னான், எல்லாத்தையும் வேண்டாம்னு இந்தக் கனத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன், அதை எறங்குன்னு சொல்ல உனக்கு எப்பிடிவே வாய் வந்துச்சு என்று, லைன் முழுக்கத் தலை நீட்டிப் பார்க்க, மூச்சு முட்டுகிற வரைக்கும் திட்டினேன்.

அவர் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். காது மடல் சிவந்தது. கண் ஓரத்தில் தண்ணீர் கோத்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினபோது நிமிர்ந்து பார்த்தார்.

"முழுசா வந்துட்டுட்டி" என்றார்.

அதற்கும் சேர்த்து மறுபடி ஆரம்பித்தேன்.